பின்னாடி பார்க்கிற அக்கா

அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் தொழிற்சாலையின் பெயரும் இதில் வராது. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைக்கா பஞ்சம், ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜன்னல் வரும். அது எந்தத் திசையைப் பார்த்தது என்பதையும் மாற்றித்தான் எழுதுகிறேன். இத்தனை பாதுகாப்பு எதற்கு என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்களுக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

பேக்கிங் அறையில் நாங்கள் நான்கு பேர். மகேஸ்வரி, ரெஜினா, அக்கா மூவரும் நீள மேசையில் நின்று பாக்கெட்டில் தூள் நிரப்பி ஒட்டுவார்கள். நான் கோடியில் நாற்காலி போட்டு, லாரிக்குப் போகிற பெட்டிகளைச் சரிபார்ப்பேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதால் எனக்கு மேடம் என்று கேலிப்பெயர். அக்கா மட்டும் என்னைத் தங்கச்சி என்றார். அவர் ஓவேலிப் பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்தவர். பெற்றோர் சிலோனிலிருந்து வந்தவர்கள். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பை நாங்கள் லைன் வீடு என்றால், அவர் லயம் என்பார். பால் விடாத தேநீரை, உள்ளங்கையில் கொட்டிய சர்க்கரையை நக்கிக்கொண்டே குடிப்பார். நாற்பதை நெருங்கும் வயது, பிள்ளைகள் இல்லை. அதற்கு மேல் அவரைப் பற்றி யாருக்கும் தெரியாது. கேட்டால், "என்னா தங்கச்சி, என் கத ஒரு கதயா" என்று மேசையைத் துடைக்கப் போய்விடுவார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் எந்தப் படத்தை நீட்டினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார். இரண்டு விரலால் படத்தின் ஓரத்தை விரித்து, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். குழந்தை படத்தைக் காட்டினால்கூடத் தொட்டிலுக்குப் பின்னால் இருக்கிற சுவரைத்தான் பார்ப்பார். பெற்றவளுக்குக் கோபம் வருமா வராதா?

மகேஸ்வரியின் தங்கைக்கு வரன் வந்தபோதுதான் அது என்ன வித்தை என்று எங்களுக்குப் புரிந்தது. மாப்பிள்ளை தேயிலைச் செடிகளுக்கு நடுவே கை கட்டி நிற்கிற படம். மகேஸ்வரி அதை ஊரெல்லாம் காட்டிவிட்டு அக்காவிடம் வந்தாள்.

"ஏனுங்க்கா, பாருங்க. சொந்தத் தோட்டமாமா. ரெண்டு ஏக்கருக்கு மேல இருக்குதுங்களாமா."

அக்கா படத்தை விரித்தார். நகர்த்தினார். மறுபடியும் விரித்தார்.

"மூஞ்சி கெடக்கட்டும். பின்னாடி பாரு. கொழுந்து பறிக்கிற பாத இவ்ளோ அகலமா தேயாது புள்ள. இது வெளியூர்க்காரங்க நின்னு போட்டோ புடிக்கிற எடம். இந்தா, ஓரத்துல பாதி பலக தெரியுது. கூடையும் தலத்துணியும் வாடகைக்கு குடுக்குறாங்களே, அந்தப் பலக."

விசாரித்தார்கள். தோட்டம் இல்லை, டாக்சி இருந்தது. டாக்சி என்றே சொல்லியிருந்தால் பெண்ணைக் கொடுத்திருப்போமே என்று மகேஸ்வரியின் அப்பா வெகுநாள் புலம்பிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் அறைக்கு வரிசையாக ஆள் வர ஆரம்பித்தது. வரனின் வீடு உண்மையா, மகள் கோயம்புத்தூரில் தங்கியிருப்பது விடுதிதானா என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். பெரியப்பா இறந்துவிட்டார் என்று லீவு போட்ட எங்கள் தொழிற்சாலை சூப்பர்வைசர், சோகமான முகத்தோடு ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "பாவம், பெரியப்பாவ தண்ணி சறுக்கு மரத்துக்குப் பக்கத்துல வச்சிருக்காங்க போல" என்றார். மேட்டுப்பாளையம் தண்ணீர்ப் பூங்காவின் நீலக் குழாய் சூப்பர்வைசரின் காதுக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ரெஜினா ஒரு பாக்கெட் தூளைக் கீழே கொட்டினாள்.

நாங்கள் படம் எடுத்துக்கொண்டால் எடுப்பவர் அக்காதான். "நான் எடுக்குறேன், நீங்க நில்லுங்க" என்று போனைப் பிடுங்கிக்கொள்வார். எடுக்குமுன் எங்களைச் சுவரோரம் தள்ளுவார், ஜன்னலைச் சாத்துவார், பின்னால் ஒரு வெறும் சாக்கைத் தொங்கவிடுவார். ரசனைக்காரி என்று நினைத்துக்கொண்டோம். மலையில் இருந்துகொண்டு சாக்குக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்கிற பெண்கள் நீலகிரியிலேயே நாங்கள்தான் இருந்திருப்போம்.

அவருக்கு ஃபேஸ்புக்கில் ஒரு கணக்கு இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்தி. அந்தக் கணக்கு இருக்கும், பிறகு இருக்காது. ஒருநாள் மகேஸ்வரிதான் கவனித்தாள். பழைய பேச்செல்லாம் அப்படியே கிடக்க, பெயர் இருந்த இடம் சாம்பல் நிறமாகி, செம்பருத்தியைக் காணோம்.

"என்னைய பிளாக் பண்ணிப்போட்டாங்களா? நான் என்னுங்க பண்ணுனேன்?"

எனக்கும் ரெஜினாவுக்கும் அதேதான். அக்கா கணக்கை மூடியிருந்தார். எங்கள் ஊரில் ஒருவர் ஃபேஸ்புக்கை மூடினால் அதற்குக் காரணம் கண்டுபிடிப்பது ஒரு பொழுதுபோக்கு. காதல் தோல்வி என்பாள் ஒருத்தி, வேண்டுதல் என்பாள் இன்னொருத்தி, புருஷனோடு சண்டை என்பார்கள் எல்லோரும். நாங்கள் இதைப் பேசி முடிப்பதற்குள் கணக்கு திரும்ப வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பருத்தி பூத்தது, சாயங்காலம் போய்விட்டது. அடுத்த மாதமும் அப்படியே. "அக்கா மாசம் ஒருக்கா கடையத் தொறந்து மூடுறாங்க" என்று மகேஸ்வரி நையாண்டி செய்தாள். அக்கா சிரிக்கவில்லை. மேசையின் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தவர், அன்று அந்தப் பக்கம் மாறி, கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டார். பிறகு எப்போதும் அந்த இடம்தான்.

காரணத்தை என்னிடம்தான் சொன்னார். அடைமழை. பஸ் வரவில்லை. நிறுத்தத்தில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும். நான் கேட்கவில்லை, அவராகவே ஆரம்பித்தார்.

"சிலோன்ல எங்க அம்மாவோட தங்கச்சி இருக்காங்க. அம்மா போனதுக்கப்புறம் எனக்கு அந்த ஒரு ஆளுதான். ஃபேஸ்புக்குலதான் கண்டுபுடிச்சேன். அதுலதான் பேசுவாங்க. புதுசா ஒரு கணக்கு ஆரம்பிச்சு கூப்பிட்டேன். நீ எங்க அக்கா புள்ளையே இல்ல, ஏமாத்த வந்துருக்கேன்னு வெட்டிட்டாங்க. அதான் மாசம் ஒரு ஞாயிறு தொறந்து பேசிட்டு மூடிருவேன்."

"அப்படி எதுக்குங்க்கா மூடணும்?"

"அவரு பாப்பாரு."

அக்கா 'அவரு' என்றுதான் சொல்வார். எனக்கு அந்த மரியாதை வரவில்லை. அந்த ஆள் அக்காவின் புருஷன். எஸ்டேட்டில் ஃபீல்டு சூப்பர்வைசர். எந்தச் சரிவில் எந்த வருஷம் செடிகளை மொட்டையாகக் கவாத்து வெட்டினார்கள், எந்த மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது என்று நீலகிரி முழுவதையும் படித்து வைத்திருக்கிறவன். கல்யாணமான புதிதில் அக்கா தோழிகளோடு எடுத்த படங்களை வாங்கி விரித்து விரித்துப் பார்ப்பானாம். இது யார் வீட்டுச் சுவர்? இந்தக் கொடியில் காய்கிற சட்டை யாருடையது? கோயிலுக்குப் போனேன் என்றாயே, இந்தக் கடை கோயிலுக்கு எதிரில் இல்லையே? பதில் சொல்லும்வரை சாப்பாடு கிடையாது.

"அடிக்கல்லாம் மாட்டாரு. கேப்பாரு. விடியிற வரைக்கும் கேப்பாரு. அவரு கேக்குறதுக்கு முன்னாடி நானே பின்னாடி என்னா இருக்குன்னு பாத்து வச்சுக்குவேன். அப்புடி வந்த பழக்கந்தான் தங்கச்சி. நீங்கல்லாம் சிரிக்கிறீங்களே, அது."

இத்தனை நாள் நாங்கள் கைதட்டி ரசித்த வித்தையை அவர் எங்கே கற்றார் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

அவனிடமிருந்து தப்பி முதலில் கேத்திக்கு வந்திருக்கிறார். கேரட் கழுவுகிற இடத்தில் வேலை. கழுவிக் குவித்த கேரட் அழகாக இருந்ததே என்று ஒரு படம் எடுத்துப் போட்டார். ஆள் கிடையாது, பெயர் கிடையாது, வெறும் கேரட். மறுநாள் அதன் கீழே அவன் ஒற்றை வார்த்தை எழுதியிருந்தான்: அழகு. அந்த வாரமே கேரட் கழுவுகிற இடத்துக்கு எதிர்ச்சாரியில் வந்து நின்றான்.

"நான் கேரட்ட பாத்தேன். அவரு அதுக்குப் பின்னாடி தெரிஞ்ச ரயில் பாதையப் பாத்துருக்காரு."

"என்ன பண்ணுனாரு?"

"நின்னாரு. காலையில நிப்பாரு, சாயங்காலம் நிப்பாரு. அங்கருந்து குன்னூருக்குப் போனேன். அங்கயும் வந்து நின்னாரு. ஸ்டேஷன்ல சொன்னேன். உன்னய அடிச்சாரான்னு கேட்டாங்க. இல்லன்னேன். ரோட்டுல ஒருத்தரு நின்னா நாங்க என்னாம்மா பண்றதுன்னாங்க." அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒருநா சாயங்காலம் மட்டும் கிட்ட வந்தாரு. அடுத்த தடவ நிக்க மாட்டேன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு."

பஸ் வந்தது. ஏறியதும் அக்கா கடைசி இருக்கைக்குப் போய்ப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அன்றிலிருந்து எனக்கும் அந்த மூன்றாவது தடவையைப் பற்றிய பயம் ஒட்டிக்கொண்டது. மகேஸ்வரியிடமும் ரெஜினாவிடமும், அக்கா சம்மதத்தோடு, மேலோட்டமாகச் சொல்லி வைத்தேன். அக்கா படத்தை எங்கும் போடக் கூடாது. இருவரும் தலையாட்டினார்கள். போடவும் இல்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை. பாக்கெட் ஒட்டுகிற இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். அக்கா பூசணிக்காயில் குங்குமம் தடவிக்கொண்டிருந்தபோது மகேஸ்வரி அவர் கன்னத்தில் சந்தனத்தை அப்பினாள். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். ரெஜினா அதைப் படம் எடுத்தாள். ஊதுபத்திப் புகை போகட்டும் என்று ஜன்னல் திறந்திருந்தது. அக்கா பார்க்கவில்லை. ரெஜினாவும் யாருக்கும் காட்டவில்லை. அவர் சிரித்தே பார்த்ததில்லை, அதனால் வைத்துக்கொண்டேன் என்று பிறகு சொன்னாள்.

பூஜை முடிந்து சில வாரம் கழித்து ஒரு மதியம். சாப்பாட்டு மணி அடிக்கப் போகிற நேரம். ரெஜினா போனை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, கடைய இன்னும் மூடலியா? பச்சப் புள்ளி எரியுது."

அக்காவின் இரண்டு கையும் தூளில் இருந்தன. அவருடைய போன் ஆணியில் தொங்கிய பைக்குள் இருந்தது.

முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. மகேஸ்வரி தன் போனைப் பார்த்தாள். செம்பருத்தி இருந்தது. பக்கத்தில், ஆள் உள்ளே இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி. அதன் கீழே காலையிலேயே வந்து அவள் பார்க்காமல் விட்ட செய்தி: தங்கச்சி, என் போன் உடஞ்சிருச்சு, பூசைக்கு எடுத்த படம் இருந்தா அனுப்பு. எனக்கும் அதே வரி வந்திருந்தது. தங்கச்சி என்ற அழைப்பு உட்பட, அக்கா எழுதுவது போலவே இருந்தது. பழைய செய்திகளைப் படித்துப் பார்த்து எழுதியிருக்கிறான்.

அக்கா கைகளை வெளியே எடுக்கவே இல்லை. மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் கணக்கு ஆரம்பிச்ச பழைய சிம்மு அவரு பேருல வாங்குனது. தொலஞ்சிருச்சுன்னு புதுசு கேட்டா அவருக்குத்தானே குடுப்பாங்க. அந்த நம்பருக்கு வர்ற ஓடிபிய வச்சு உள்ள பூந்துருக்காரு. நான் மூடி மூடி வச்சேன். சாவி அவருகிட்டயே இருந்துருக்கு." பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "எல்லா பாக்டரியிலயும் பூசைக்குப் போட்டோ புடிப்பாங்க. அது தெரிஞ்சுதான் கேக்குறாரு. யாராவது அனுப்புனீங்களா?"

ரெஜினா அழ ஆரம்பித்துவிட்டாள். காலையில் பஸ்ஸில் வரும்போதே அனுப்பியிருந்தாள். அக்காவே கேட்கிறாரே, நேரில் காட்டினால் வெட்கப்படுவார் என்று அதிலேயே அனுப்பிவிட்டாள். எங்கும் போடாதே என்றுதானே சொல்லியிருந்தோம். அக்காவுக்கே அனுப்பாதே என்று யார் சொல்வார்கள்?

அக்கா அவள் தலையைத் தடவிவிட்டு, "அழாத. படத்த காட்டு" என்றார்.

படத்தில் அக்கா அவ்வளவு அழகாக இருந்தார். கன்னத்தில் சந்தனம், கண் இடுங்கிய சிரிப்பு. நாங்கள் மூவருமே அதைத் தாண்டித் தோளுக்குப் பின்னால் பார்த்தோம். திறந்த ஜன்னல். ஜன்னலில், கவாத்து வெட்டிப் பழுப்பாகக் கிடந்த ஒரு சரிவு. அந்த வருஷம் எங்கள் சுற்றுவட்டாரத்தில் வெட்டிய ஒரே சரிவு அதுதான். எங்களுக்கே தெரியும்போது ஃபீல்டு சூப்பர்வைசருக்குத் தெரியாதா?

மேட்டுப்பாளையம் லாரி பின்முற்றத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தது. டிரைவர் எங்களுக்குப் பழக்கமானவர். அக்கா வேலைத் தொப்பியைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார். சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூட எடுக்கவில்லை. என் கையைப் பிடித்து, "எங்க போனேன்னு தேடாதீங்க. தேடுனா அது அவருக்குத்தான் ஒத்தாச" என்றார். முன் கதவு வழியாகப் போனால் ரோட்டில் தெரியும் என்று பின்பக்கமாகக் கூட்டிப்போய் டிரைவரிடம் விட்டுவிட்டு, அவர் ஏறுவதை உள்ளே ஜன்னலில் நின்று பார்த்தோம். தார்ப்பாய் கட்டியதும் லாரி கிளம்பியது. யாரும் வரவில்லை. சாயங்காலம்வரை கதவையே பார்த்துக்கொண்டு பாக்கெட் ஒட்டினோம். தப்பித்துவிட்டார் என்று மகேஸ்வரி சாமிக்குக் கற்பூரம்கூட ஏற்றினாள்.

வேலை முடிந்து கிளம்பும்போது அக்காவின் கணக்கில் ஒரு படம் வந்திருந்தது. எங்கள் தொழிற்சாலை. கவாத்துச் சரிவிலிருந்து, கீழ்நோக்கி எடுத்தது. பேக்கிங் அறை ஜன்னலில் சின்னதாக நாங்கள். நான் விரித்தேன். நடுவில் இருந்த எங்களை விட்டுவிட்டு ஓரத்துக்குப் போனேன். பின்முற்றத்தில் லாரி நின்றது. அதில் ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் நீலப் புடவை தெரிந்தது. படத்தின் கீழே ஒற்றை வார்த்தை: அழகு.

டிரைவருக்குப் போன் செய்தேன்.

"அந்தக்கா பாதி வழியில, குஞ்சப்பனையிலயே எறங்கிட்டாங்களே. மேட்டுப்பாளையம் வரைக்கும் வேண்டாம்னாங்க."

"பின்னாடி பைக்கு எதாச்சும் வந்துதுங்களா? நெனச்சுச் சொல்லுங்கண்ணா."

"மழைங்க. வளைவுல நான் முன்னாடி ரோட்டப் பாக்குறனா, பின்னாடி பாக்குறனா?"

அக்காவின் போன் அன்றே அணைந்துவிட்டது. நாங்கள் போலீசுக்குப் போனோம், எழுதிக் கொடுத்தோம், தகவல் வந்தால் சொல்வதாகச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

ஆனால் பச்சைப் புள்ளி மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. இரண்டு நாள் கழித்து அது எங்களுக்கு எழுதியது: அவ எங்க? இப்போது தங்கச்சி இல்லை, நடிப்பு இல்லை. மறுவாரம் திரும்பவும்: அவ எங்க? எங்களுக்கு அதைப் பார்த்து வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. கேட்கிறான் என்றால் கிடைக்கவில்லை என்று அர்த்தம். தினமும் காலையில் வந்ததும் மூன்று பேரும் அந்தப் புள்ளியைத்தான் பார்ப்போம். எரிகிறதா? எரிகிறது. அப்படியானால் அக்கா எங்கோ பத்திரமாக இருக்கிறார். ஒரு கொடியவன் விழித்திருப்பதைப் பார்த்து நிம்மதியாக வேலை செய்த நாட்கள் அவை. மாதக்கணக்கில் அப்படிப் போனது.

போன மாதம் ஒரு காலை, ரெஜினா போனை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். பெயர் இருந்த இடம் சாம்பல் நிறமாகியிருந்தது. செம்பருத்தி இல்லை. கணக்கு மூடப்பட்டிருந்தது. தேடிச் சலித்து விட்டுவிட்டானா, தேட வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டதா? முன்பு இதே சாம்பல் நிறத்தைப் பார்த்து என்னென்னவோ காரணம் சொல்லிச் சிரித்தவர்கள் நாங்கள்.

நானும் என் கணக்கை மூடிவிட்டேன். ஏன் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டில் சண்டையா, வேண்டுதலா என்கிறார்கள். எதையாவது சொல்லி வைக்கிறேன். மூடுவதற்கு முன்னால், அந்தச் சில நாட்கள், ராத்திரியும் பகலும் நான் செய்தது ஒன்றுதான். யார் யாரோ போட்ட படங்களைத் திறந்து, கல்யாண மண்டபம், பஸ் நிலையம், கேரட் மண்டி என்று ஒவ்வொன்றிலும் சிரிக்கிற முகங்களை ஒதுக்கிவிட்டு, இரண்டு விரலால் ஓரத்தை விரித்து, பின்னால் எங்கேயாவது அக்கா நிற்கிறாரா என்று தேடினேன். ஒருநாள் ஈரோட்டுச் சந்தைப் படம் ஒன்றில், வெகு பின்னால், நீலப் புடவை கட்டிய ஒரு பெண் முதுகு காட்டி நின்றாள். விரித்துக்கொண்டே போனேன். அவள் தோளுக்கு அந்தப் பக்கம் ஒரு கடைப் பலகை தெரிந்தது. பலகையில் இருந்த எழுத்துகளைக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே என் விரல் நின்றுவிட்டது. தேடாதீங்க என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். பலகையை முழுதாகப் படிக்காமல் போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தேன்.